உடம்பு ஏறவே மாட்டேங்குது: ஒல்லியானவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஜிம்முக்குப் புதிதாக வரும் ஒல்லியான பசங்க கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கலாம் என்று தொகுத்தது இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் போட்ட கணக்கு தேவைப்படும்.

அண்ணா, உடம்பு போடணும்னா முதல்ல ஜிம்ல சேரணுமா, இல்ல சாப்பாட்டை மாத்தணுமா?

இரண்டும் வேண்டும், ஆனால் சாப்பாடு முதலில். தசை வளர்வதற்கான தூண்டுதல்தான் ஜிம்மில் கிடைக்கிறது, வளர்வதற்கான சரக்கு தட்டிலிருந்துதான் வரவேண்டும். புதிதாகச் சேர்பவர்கள் மூன்று மாதக் கட்டணம், ஷூ, கையுறை, ஷேக்கர் எல்லாம் முதல் நாளே வாங்கிவிடுகிறார்கள், ஆனால் காலையில் சாப்பிடுவது மட்டும் பழைய மூன்று இட்லிதான். தினமும் ஒன்றரை மணி நேரம் வெயிட் தூக்கி, செலவாகும் கலோரி கூடி, இருந்த எடையிலும் ஒரு கிலோ இறங்கி, "ஜிம் எனக்கு ஒத்துவரல" என்று நின்றுவிடுகிறார்கள்.

சாப்பாட்டை மட்டும் கூட்டிவிட்டு வெயிட் தூக்காமல் இருந்தால் எடை ஏறும், ஆனால் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கும்.

நான் நல்லாத்தான் சாப்பிடறேன், வீட்ல எல்லாரையும் விட அதிகம். ஆனாலும் ஒட்டவே மாட்டேங்குது. எனக்கு மெட்டபாலிசம் அப்படியா?

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்த்துவிடலாம். 21 வயது, 172 செ.மீ. உயரம், 52 கிலோ எடையுள்ள ஒரு பையன். சும்மா படுத்துக்கிடந்தாலே அவனுக்கு நாளைக்கு ஏறக்குறைய 1500 கலோரி செலவாகும். கல்லூரி, நடை, ஜிம் எல்லாம் சேர்ந்தால் 2200 முதல் 2300 வரை போகும். இப்போது அவன் "நல்லாத்தான் சாப்பிடறேன்" என்று சொல்லும் நாளை எடுத்துக்கொள்வோம்: காலையில் மூன்று இட்லி சட்னி 260, காலை டீ 80, மதியம் ஒரு தட்டு சோறு சாம்பார் ரசம் பொரியலோடு 650, சாயங்காலம் டீயும் இரண்டு வடையும் 330, இரவு மூன்று தோசை 450. கூட்டினால் 1770. புரதம் 45 கிராமைத் தாண்டாது. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் கணக்கில் நாளைக்கு 400, 500 கலோரி துண்டு விழுகிறது. கல்யாண வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை பிரியாணியிலோ ஒரு வெட்டு வெட்டியதுதான் மனதில் நிற்கும், அடுத்த நாள் பசியில்லாமல் பாதி தட்டோடு எழுந்தது நினைவில் இருக்காது.

மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம் என்பதிலும் ஓரளவு உண்மை உண்டு. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம் தேவைக்கு மேல் தினம் 1000 கலோரி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கொழுப்பு அரைக்கிலோகூட ஏறவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் ஏறியது. குறைவாக ஏறியவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதிகம் அசைந்துகொண்டிருந்தார்கள்: எழுந்து நடப்பது, உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவது, நெளிவது. நீங்கள் அந்த ரகமாக இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கான எண் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மூன்று நாள், சாப்பிட்ட அத்தனையையும் டீ உட்பட எழுதி வைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

சரி, அப்போ எதைச் சேர்க்கறது? அதிகம் செலவாகாத மாதிரி சொல்லுங்க.

உடம்பு செலவழிப்பதற்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி போனால் போதும். புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 52 கிலோவுக்கு 83 கிராம். மேலே சொன்ன பையன் தன் சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம். அதோடு அரை லிட்டர் கொழுப்பு எடுக்காத பால் (430 கலோரி, 16 கிராம் புரதம்), ஒரு கைப்பிடிக்கு மேல் வேர்க்கடலை, அதாவது 50 கிராம் (280 கலோரி, 12 கிராம்), மூன்று முட்டை (220 கலோரி, 18 கிராம்) சேர்த்தால் போதும். மொத்தம் 2700 கலோரி, 91 கிராம் புரதம். இந்த மூன்றும் பெட்டிக்கடையிலும் பால் பூத்திலும் கிடைப்பவை.

முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்தால் வயிறு உப்பி, பொருமி, இரண்டாம் நாளே வெறுத்துவிடும். முதல் வாரம் பால், அடுத்த வாரம் கடலை, அதற்கடுத்த வாரம் முட்டை என்று போங்கள். பால் குடித்தால் வயிற்றைக் கலக்குபவர்கள் தயிருக்கு மாறிக்கொள்ளலாம், பெரும்பாலானவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

பசியே எடுக்க மாட்டேங்குது, இதுல எங்கேர்ந்து இன்னும் சாப்பிடறது?

மென்று தின்பதைவிடக் குடிப்பது சுலபம். இரண்டு வாழைப்பழம், பால், வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் வெல்லம் போட்டு மிக்ஸியில் அடித்தால் ஒரே டம்ளரில் 500 கலோரிக்கு மேல் வந்துவிடும். இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்காதீர்கள், இரண்டு வேளைக்கு நடுவிலோ தூங்கப் போகும் முன்போ குடியுங்கள். சோற்றில் ஒரு பெரிய கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் தட்டின் அளவு கூடாமலே 120 கலோரி ஏறும்.

பசியைக் கொல்பவற்றையும் பாருங்கள். பதினோரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, நடுவில் ஒரு சிகரெட் என்று ஓடுபவர்களுக்கு மதியச் சாப்பாடு இறங்காது. காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பவர்கள் இன்னொரு கூட்டம். காலையில் விட்டதை இரவில் பிடித்துவிடலாம் என்று நினைப்பார்கள், நடக்காது. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் சொம்பு தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள், தண்ணீரை மற்ற நேரத்தில் குடிக்கலாம்.

முட்டையைப் பச்சையா உடைச்சுக் குடிச்சாத்தான் முழுச் சத்தும் சேருமாமே?

நேர் எதிர். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் செரிமானமாகிறது, பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான். போதாதற்கு சால்மோனெல்லா கிருமி வந்து வாந்தி பேதியானால் ஒரு வாரத்தில் ஏற்றிய எடை இரண்டே நாளில் இறங்கிவிடும். வேகவைத்தோ ஆம்லெட் போட்டோ சாப்பிடுங்கள், மஞ்சள் கருவைத் தூக்கிப்போடாதீர்கள். எடை கூட்ட நினைப்பவருக்கு அதில் இருக்கும் கொழுப்பும் கலோரியும் தேவை.

முட்டை, புரோட்டீன் பவுடர் எல்லாம் உடம்புக்குச் சூடுன்னு பாட்டி திட்டறாங்க.

பாட்டி கவனித்தது பொய்யில்லை. திடீரென்று நாலைந்து முட்டை, கோழி, பவுடர் என்று ஏற்றி, காய்கறி பழத்தைக் குறைத்து, தண்ணீரும் குடிக்காமல் வியர்த்துக்கொட்டினால் மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு, முகத்தில் பரு எல்லாம் வரத்தான் செய்யும். முட்டையை விடத் தேவையில்லை. கீரையோ பொரியலோ இரண்டு வேளை, ஒரு பழம், மூன்று லிட்டர் தண்ணீர் என்று கூடவே சேர்த்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். பவுடர் குடித்த பிறகுதான் பரு வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் அதை மட்டும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள்.

நாங்க சுத்த சைவம், முட்டை கூட இல்லை. எங்களுக்கு வாய்ப்பே இல்லையா?

வாய்ப்பு நிறைய இருக்கிறது, கொஞ்சம் திட்டம் வேண்டும். மீல் மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையில் 50 கிராமுக்கு 26 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு. ஆண்மைக்குக் கெடுதல் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது, சாதாரண அளவில் சாப்பிடுவதால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, பனீர், தயிர், பால் இவற்றை ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் செய்யும் பெரிய தவறு சாம்பாரைப் புரதமாகக் கணக்கில் எடுப்பது. ஹாஸ்டல் சாம்பாரில் ஒரு கரண்டி எடுத்து அடியில் எவ்வளவு பருப்பு நிற்கிறது என்று பாருங்கள். கெட்டிப் பருப்பு வேறு, சாம்பார் வேறு.

புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? எங்க மாஸ்டர் மாஸ் கெய்னர் வாங்கச் சொல்றார்.

வே புரோட்டீன் பாலிலிருந்து பிரித்த புரதம். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் அளவுக்கு இருக்கும், அதாவது நாலு முட்டைக்குச் சமம். சாப்பாட்டில் 83 கிராம் எட்டிவிட்டால் அது தேவையே இல்லை. எட்டவில்லை, சமைக்க வசதியில்லை, அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள் என்றால் ஒரு ஸ்கூப் வசதியான வழி. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயர், காலாவதி தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

எடை கூட்டும் பவுடர் என்று விற்கும் மாஸ் கெய்னரை நான் பரிந்துரைப்பதில்லை. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலானவற்றில் முதலிடத்தில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சீக்கிரம் சர்க்கரையாக மாறும் மாவு. புரதம் நூறு கிராமுக்குப் பத்து இருபது கிராம்தான். அதே கலோரியை மூன்றாவது பதிலில் சொன்ன பாலும் கடலையும் குறைவான காசில் தரும்.

மாஸ்டர் திங்கள் செஸ்ட், செவ்வாய் பைசெப்ஸ்னு ஒரு நாளைக்கு ஒண்ணு கொடுத்திருக்கார். சரிதானா?

பல வருடம் தூக்கியவருக்குச் சரி. வாரத்தில் போடும் மொத்த செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) ஒன்றாக இருந்தால், ஒரே நாளில் போட்டாலும் பிரித்துப் போட்டாலும் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் புதியவருக்கு வேறொரு தேவை இருக்கிறது: ஸ்குவாட்டையும் (தோளில் எடை சுமந்து உட்கார்ந்து எழுவது) பெஞ்ச் பிரஸ்ஸையும் (பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் எடை தூக்குவது) ஒழுங்காகச் செய்யப் பழக வேண்டும். வாரம் ஒரே தடவை செய்தால் அது படியாது. ஒரு நாள் லீவு போட்டால் அந்தத் தசைக்கு அந்த வாரமே போயிற்று என்ற சிக்கலும் உண்டு.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு, இதுதான் என் சிபாரிசு. ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங் (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த முறை டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ், லேட் புல்டவுன் (மெஷினில் மேலே இருக்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது). இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கடைசியில் கைக்கு இரண்டு செட் போட ஆசையாக இருந்தால் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று செட், நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரீல்ஸில் புதிதாக ஒன்றைப் பார்த்ததும் ஷெட்யூலை மாற்றும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். எதில் முன்னேறினோம் என்று தெரிய, ஒன்றையே மூன்று மாதமாவது செய்திருக்க வேண்டும்.

எவ்வளவு வெயிட் போடறது? பக்கத்துல இருக்கறவன் 60 கிலோ தூக்கறான், நான் வெறும் பார்ல இருக்கேன், வெட்கமா இருக்கு.

வெறும் பாரே (பிளேட் மாட்டாத இரும்புக் கம்பி) பெரும்பாலும் 20 கிலோ, அதில் தொடங்குவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். எட்டு ரெப்ஸ், அதாவது எட்டு தடவை, ஃபார்ம் (செய்யும் முறை) கெடாமல் முடிந்து, "இன்னும் இரண்டு வரும்" என்று தோன்றும் எடை உங்களுக்கான எடை. அதே எடையில் மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்ததும் இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் போடுங்கள், மறுபடி எட்டிலிருந்து ஏறுங்கள். பல ஜிம்களில் 1.25 பிளேட் இருக்காது, 2.5தான் இருக்கும். அப்படியானால் பன்னிரண்டுக்குப் பதில் பதினைந்து வரும்வரை காத்திருந்து ஏற்றுங்கள்.

இதற்கு ஒரு சின்ன நோட்டு வேண்டும். தேதி, பயிற்சி, எடை, ரெப்ஸ், அவ்வளவுதான். போன வாரம் 30 கிலோவில் 9, 8, 8 வந்தது என்று நோட்டில் இருந்தால் இந்த வாரம் 9, 9, 8க்கு முயல்வீர்கள். நோட்டு இல்லாதவர் ஒரு வருடம் கழித்தும் அதே 30 கிலோவில்தான் நிற்பார், அவருக்கே அது தெரியாது. பக்கத்திலிருப்பவன் 60 கிலோவை முதுகை வளைத்து நெஞ்சில் குதிக்கவிட்டுத் தூக்குகிறானா என்பதையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அப்படித் தூக்குபவர்கள் தோள்வலியோடு பிசியோதெரபிஸ்டிடம் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் உட்கார எழ முடியாத வலி. இப்போ வலியே இல்லை. வேலை செய்யலைன்னு அர்த்தமா?

இல்லை. பழக்கமில்லாத வேலை செய்தால் ஒன்றிரண்டு நாள் கழித்து வலிக்கும், உடம்பு பழகியதும் குறைந்துவிடும். வளர்ச்சிக்கு வலி அளவுகோல் கிடையாது, நோட்டில் எண் ஏறுகிறதா என்பதுதான் அளவுகோல். மூட்டில் குத்தும் வலி வேறு, அது வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால் போடாம விட்டா என்ன? பேன்ட்டுக்குள்ளதானே இருக்கு.

உடம்பின் பெரிய தசைகளே தொடையிலும் பிட்டத்திலும்தான் இருக்கின்றன. எடை கூட வேண்டும் என்று வந்துவிட்டு அதிகம் வளரக்கூடிய இடத்தையே ஒதுக்குவது எப்படிச் சரியாகும்? போடுங்கள்.

எனக்கு 15 வயசு. வெயிட் தூக்கினா உயரம் நின்னுடும்னு அப்பா விட மாட்டேங்கறார்.

வெயிட் தூக்குவதால் உயரம் நிற்பதில்லை. தெரிந்தவர் மேற்பார்வையில், சரியான ஃபார்மோடு, அளவான எடையில் செய்யலாம். போட்டி போட்டு ஒரே ஒரு ரெப் பெரிய எடை தூக்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். உயரத்துக்கு உண்மையில் முக்கியம் சாப்பாடும் தூக்கமும். இரவு ஒரு மணிவரை போனோடு இருந்தால் அதைப் பற்றி அப்பா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

எங்க ஊர்ல ஜிம்மே கிடையாது. வீட்லயே ஆகுமா?

முதல் ஆறு மாதத்துக்குத் தாராளமாக ஆகும். தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழும் புல்-அப் இந்த மூன்றும் உடம்பின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். தவறு நடப்பது எண்ணிக்கையில்: ஐம்பது தண்டால், நூறு பஸ்கி என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். சுலபமாக முப்பதுக்கு மேல் வந்துவிட்டால் கடினமாக்க வேண்டும். காலை மேடையில் வைத்துத் தண்டால், முதுகில் அரிசி மூட்டையோ புத்தகம் நிறைந்த பையோ சுமந்து பஸ்கி, பிறகு ஒற்றைக் கால் பஸ்கி என்று போங்கள். மேலே சொன்ன நோட்டு இங்கேயும் பொருந்தும்.

சாயங்காலம் ஃபுட்பால் ஆடுவேன். நிறுத்திடணுமா?

எதற்கு நிறுத்த வேண்டும்? ஆடுங்கள், இதயத்துக்கு நல்லது. ஒரு மணி நேர ஆட்டத்தில் 350, 400 கலோரி போய்விடும், அதைக் கூடுதலாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும். ஆட்டம் இருக்கும் நாளில் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு மாசமாச்சு, கண்ணாடியில ஒண்ணுமே தெரியல.

கண்ணாடி தினம் பார்ப்பவருக்கு எதையும் காட்டாது. முதல் ஆறு எட்டு வாரத்தில் பலம் ஏறுவதில் பெரும்பகுதி நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதால் வருகிறது, தசையின் அளவு அதற்குப் பின்னால்தான் கண்ணுக்குத் தெரியும். காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன் வாரம் மூன்று நாள் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ ஏறி இறங்குவது தண்ணீரும் உப்பும் செய்யும் வேலை.

மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறினால் அருமையான வேகம். இரண்டு வாரமாகச் சராசரி அசையவில்லை என்றால் தினம் 200 கலோரி கூட்டுங்கள். எடை கூடக்கூட உடம்பின் தேவையும் கூடும் என்பதால் 52 கிலோவில் போட்ட கணக்கு 57 கிலோவில் செல்லாது, திரும்பப் போட வேண்டும்.

எடை ஏறுது, ஆனா எல்லாம் தொப்பைக்கே போகுது. கை கால் அப்படியே குச்சியா இருக்கு.

இது நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான பிரச்சினை, அலட்சியம் செய்ய வேண்டாம். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். பூனேவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம். சர்க்கரை நோய் நம்மிடம் ஒல்லியானவர்களுக்கும் வருவதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

அதனால் கண்டதைத் தின்று பத்து கிலோ ஏற்றிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை நமக்கு வேண்டாம். தொப்பை மட்டும் ஏறுகிறது என்றால் மூன்று இடங்களில் பாருங்கள். மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறுகிறதா? அப்படியானால் கூடுதல் கலோரியை 200க்கு இறக்குங்கள். கூட்டியது புரோட்டாவும் கூல்டிரிங்ஸுமா, பால் முட்டை கடலையா? கடைசியாக, நோட்டில் எண் ஏறியிருக்கிறதா? பயிற்சி நின்ற இடத்தில் நின்றால் சாப்பிட்ட மிச்சம் தொப்பைக்குத்தான் போகும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை டேப்பில் அளப்பதும் நல்ல பழக்கம்.

கிரியேட்டின் ஸ்டீராய்டா? புரோட்டீன் கிட்னியைக் கெடுத்துடும்னும் அம்மா பயப்படறாங்க.

ஜிம்மில் பலத்துக்காகப் பலர் பவுடராகச் சாப்பிடும் கிரியேட்டின் ஸ்டீராய்டு இல்லை. கறியிலும் மீனிலும் இயல்பாக இருப்பது, நம் உடம்பும் கொஞ்சம் தயாரிக்கிறது. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரங்களில் தசைக்குள் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறலாம், அதைப் பார்த்துத் தசை வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இது சாப்பிடும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் சற்றுக் கூடித் தெரியலாம். பரிசோதனைக்குப் போனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் வீண் பதற்றம்.

ஆரோக்கியமான சிறுநீரகத்தை மேலே சொன்ன அளவு புரதம் கெடுப்பதாக ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. அம்மாவின் பயத்தைத் தீர்க்க ஒரு யூரியா, கிரியேட்டினின் பரிசோதனை செய்து காட்டிவிடுங்கள்.

மெடிக்கல்ல ஒரு மாத்திரை கொடுக்கறாங்க, ஒரே மாசத்துல அஞ்சு கிலோ ஏறுமாம். ஃபிரெண்டுக்கு நிஜமாவே ஏறிச்சு.

தயவுசெய்து வேண்டாம். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இப்படிச் சீட்டில்லாமல் கைமாறும் எடை மாத்திரைகளில் அடிக்கடி இருப்பவை இரண்டு: சைப்ரோஹெப்டடின், டெக்ஸாமெதசோன். முதலாவது அலர்ஜி மருந்து, பசியைத் தூண்டும், கூடவே தூக்கம் தூக்கமாக வரும். இரண்டாவது வீரியமான ஸ்டீராய்டு. முகம் உப்பும், வயிற்றில் கொழுப்பு சேரும், உடம்பில் தண்ணீர் தேங்கும், தராசில் எண் ஏறும். ஆனால் இந்த வகை ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும். நீங்கள் தேடி வந்ததே தசை, இது அதையே எடுத்துக்கொண்டு முகத்தை ஊத வைக்கிறது. நாள்பட்டால் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், தொற்று என்று வரிசையாக வரும்.

ஏற்கெனவே சில வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டை நிறுத்தி வைத்திருக்கும், சட்டென்று மாத்திரையை விட்டால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது எல்லாம் நடக்கலாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். பெயரே இல்லாத டப்பாவில் வரும் "மூலிகை" எடைப் பொடிகளுக்கும் இதே எச்சரிக்கைதான், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரே ஒரு சைக்கிள் ஊசி போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ஜிம்ல சொல்றாங்களே?

சைக்கிள் என்று ஜிம்மில் சொல்வது சில வாரம் தொடர்ந்து போடும் ஸ்டீராய்டு ஊசியை, அதில் இருப்பது டெஸ்டோஸ்டிரோனோ அது போன்றதோதான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் விதைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்ளும், விந்தணு குறையும், சிலருக்கு அது திரும்ப மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஆகும். மார்பு பெண்களுக்குப் போல வீங்கலாம், ரத்தக் கொழுப்பு கெடும், இதயம் தடிக்கும், வாயில் போடும் வகைகள் ஈரலைத் தாக்கும். இன்னும் ஒழுங்காகச் சாப்பிட்டே பார்க்காத 20 வயசுப் பையனுக்கு இதைச் சிபாரிசு செய்பவரிடம் பயிற்சி எடுக்காதீர்கள், ஜிம்மை மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு சாப்பிட்டும் ஏறல, சொல்லப்போனா முன்ன இருந்ததைவிட குறைஞ்சுகிட்டே வருது.

இரண்டாவது பதிலில் சொன்ன மாதிரி எழுதிப் பார்த்து, உண்மையிலேயே போதுமான அளவு சாப்பிட்டும் எடை இறங்குகிறது என்றால் ஜிம்மை விட்டுவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை நோய், குடல் சத்தை உறிஞ்சாதது, குடற்புழு, காசநோய் எல்லாமே இப்படிக் காட்டும். நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு, அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரை என்று சந்தேகப்படலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் ஒரு நாளும் தள்ளாமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

நான் பொண்ணு, 40 கிலோதான். வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேனா?

ஆக மாட்டீர்கள். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அந்த அளவு தசை தானாக வந்துவிடாது. மேலே சொன்ன அதே பயிற்சி, அதே 1.6 கிராம் கணக்கு, உங்களுக்கு 64 கிராம் புரதம். பார் கனமாக இருந்தால் டம்பெல்லில் தொடங்குங்கள். கூடவே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், ரத்தசோகையோடு பயிற்சி செய்தால் படி ஏறவே மூச்சு வாங்கும், முன்னேற்றமும் தெரியாது. சாப்பாட்டோடு டீ, காபி குடிப்பது இரும்புச்சத்தைச் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாதவிலக்கு தப்பிப்போகிறது என்றால் சாப்பாடு உடம்புக்குப் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

எக்ஸாமுக்கு ஒரு மாசம் விட்டா எல்லாம் போயிடுமா? விட்டா தசை கொழுப்பா மாறிடும்னு சொல்றாங்களே?

தசை வேறு, கொழுப்பு வேறு, ஒன்று இன்னொன்றாக மாறாது. பயிற்சியை நிறுத்திவிட்டு அதே 2700 கலோரியைத் தொடர்ந்து சாப்பிடுபவருக்குத் தசை மெல்லக் குறைந்து கொழுப்பு ஏறுகிறது, பார்ப்பவருக்கு மாறிவிட்டது போலத் தோன்றுகிறது. இரண்டு மூன்று வாரம் விட்டால் பெரிதாக எதுவும் போகாது. அதற்கு மேல் விட்டாலும், ஒருமுறை வளர்ந்த தசை இரண்டாம் முறை சீக்கிரம் திரும்பிவிடும்.

பரீட்சை மாதத்தில் வாரம் ஒரே நாள், நாற்பது நிமிடம், ஸ்குவாட், பெஞ்ச், ரோயிங் மட்டும் பழைய எடையிலேயே போட்டால் இருப்பதைக் காப்பாற்றிவிடலாம். கடலையையும் நெய்யையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், முட்டையையும் பாலையும் குறைக்க வேண்டாம். இரவெல்லாம் கண் விழித்துப் படிப்பதைத் தவிர்த்து ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். திரும்பி வரும்போது நோட்டில் கடைசியாக எழுதிய எடையிலிருந்து பத்து சதவீதம் இறக்கித் தொடங்குங்கள்.